ஒட்டும்வரை: வயிற்றில் டியூப் வைத்தபின் வரும் முதல் நான்கு வாரம்

அப்பத்தாவின் வயிற்றிலிருந்து வெளியே நீட்டிக்கொண்டிருந்த டியூப்பில் சின்னச் சின்னதாக சென்டிமீட்டர் எண்கள் அச்சடித்திருந்தன. தோலின்மேல் உட்கார்ந்திருந்த வட்டத் தகட்டுக்கு நேராகத் தெரிந்த எண் 3. பக்கவாதம் வந்து விழுங்க முடியாமல் போனது. ஒரு மாதம் மூக்கு வழியாக, ரைல்ஸ் டியூப்பில், கஞ்சி போனது. அப்புறம் எண்டோஸ்கோப்பி மூலமாக வயிற்றிலேயே டியூப் வைத்து நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். பட்டாசாலையில் காற்று வரும் பக்கமாகக் கட்டில் போட்டோம். பதினோராம் நாள் விடிகாலையில் பார்த்தால் டியூப் போர்வைக்குள் தனியாகக் கிடந்தது. தூக்கத்தில் அவர்களே இழுத்திருக்கிறார்கள்.

ஊசி போட வீட்டுக்கு வருகிற ஒருவரைப் பக்கத்துத் தெருவிலிருந்து கூட்டிவந்தார்கள். "ஓட்டை மூடிக்கிட்டா ஆச்சிக்குக் கஞ்சி எப்படிப் போகும்?" என்று கேட்டுக்கொண்டே, சிறுநீருக்குப் போடும் டியூப் ஒன்றைப் பிரித்து அந்தத் துளையில் நுழைக்கப் போனார். நல்ல எண்ணம்தான். அதற்குள் அண்ணன் மதுரையில் டியூப் வைத்த டாக்டரைப் போனில் பிடித்துவிட்டார். டாக்டர் சொன்னது இவ்வளவுதான்: "எதையும் உள்ள விடாதீங்க. ஒரு சொட்டுத் தண்ணிகூட ஊத்தாதீங்க. சுத்தமான துணியை மேல வச்சு ஒட்டிட்டு உடனே கிளம்பி வாங்க."

காரைக்குடியிலிருந்து மதுரை ஏறக்குறைய 90 கிலோமீட்டர். அந்த வழி முழுக்க எனக்கு ஒரே கேள்வி. பக்கத்து ஊரில் இதே மாதிரி டியூப் போட்டு ஒரு வருடமாக இருக்கும் பெரியவர் ஒருவருக்கு, டியூப் வெளியே வந்தால் தாமதிக்காமல் அந்தத் துளையில் ஏதாவது ஒரு டியூப்பை வைத்து அடைப்பு விழாமல் பார்த்துக்கொள்ளும்படி சொல்லியிருந்தார்கள். துளை அதே துளை, டியூப் அதே டியூப். அவருக்கு அப்படியும் அப்பத்தாவுக்கு இப்படியும் ஏன்? அன்றைக்கு டாக்டர் படம் வரைந்து காட்டிய பிறகுதான் விஷயம் விளங்கியது. அது விளங்கிவிட்டால், முதல் மாதத்தில் வரக்கூடிய முக்கால்வாசி ஆபத்துகளின் மூலமும் விளங்கிவிடும்.

நம் இரைப்பை வயிற்றின் வெளிச்சுவரோடு ஒட்டிக்கொண்டிருக்கும் உறுப்பு இல்லை. சாப்பிட்டால் விரியும், வெறும் வயிற்றில் சுருங்கும், மூச்சுக்கு மூச்சு நகரும். வெளிச்சுவர் தனி, இரைப்பைச் சுவர் தனி. நடுவில் இருப்பது வயிற்றறை. கிருமி புகக்கூடாத இடம் அது. டியூப் வைக்கும்போது இரண்டு சுவர்களையும் துளைத்து, உள்ளே குடை போன்ற ஒரு தடுப்பு, வெளியே வட்டத் தகடு என்று இரண்டு பக்கமும் பிடித்து, சுவர்கள் ஒன்றையொன்று தொட்டபடி நிறுத்திவைக்கிறார்கள். பெரும்பாலும் தையல் கிடையாது. சுவர்களை ஒட்டவைக்க வேண்டியது உடம்புதான். துளையைச் சுற்றிப் புதுத்தசை வளர்ந்து, குழாய் மாதிரி ஒரு பாதை உண்டாக வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் ஒட்டத் தொடங்கும். உறுதிப்பட நான்கு வாரம் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது. சர்க்கரை உள்ளவர்கள், ஸ்டீராய்டு எடுப்பவர்கள், மெலிந்துபோனவர்கள், வயிற்றில் நீர் கோத்தவர்கள் என்றால் இன்னும் தாமதமாகும்.

ஆத்தங்குடியில் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். கண்ணாடித் தட்டின்மேல் வண்ணச் சிமென்ட்டை ஊற்றி, அதன்மேல் மணலும் சிமென்ட்டும் போட்டு அமுக்கி எடுப்பார்கள். சூளையில் வைத்துச் சுடுவதில்லை. தண்ணீரில் நாள்கணக்கில் கிடந்துதான் கல் இறுகும். முதல் நாளே பார்க்க முழுக் கல்லாகத்தான் இருக்கும். அதன்மேல் கால் வைத்தால் என்ன ஆகும் என்பது செய்கிறவருக்குத்தான் தெரியும். டியூப்பும் அப்படியே. வெளியிலிருந்து பார்த்தால் மூன்றாம் நாளும் முப்பதாம் நாளும் ஒரே மாதிரி இருக்கும். உள்ளே இரண்டும் வேறு.

ஒட்டுவதற்கு முன் டியூப் கழன்றால் இரைப்பை பின்வாங்கிவிடும். வெளித்தோலில் துளை தெரியும், அதற்கு நேரே உள்ளே இரைப்பையின் துளை இருக்காது. அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒரு டியூப்பை விட்டால் அது இரைப்பைக்குப் போகாமல் வயிற்றறைக்குள் போய் நிற்கலாம். அதில் கஞ்சியை ஊற்றினால் கஞ்சியும் கிருமியும் வயிற்றறையில் சேர்ந்து பெரிட்டோனைட்டிஸ் என்ற கடும் அழற்சி வரும். வயதானவர்கள் அதிலிருந்து மீள்வது கஷ்டம். டாக்டர் அன்று தடுத்தது இதைத்தான். நன்றாக ஒட்டிய பாதை என்றால் கதை வேறு. இரைப்பை எங்கும் போகாது, துளைதான் சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். அதனால்தான் அந்தப் பெரியவருக்கு அவசரம் வேறு மாதிரி அவசரம்.

மருத்துவர்களும் இந்த ஒட்டுதலைக் கற்றுக்கொள்ள நெடுங்காலம் ஆகியிருக்கிறது. 1822-இல் அமெரிக்காவின் மாக்கினாக் தீவில் அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் மேல்வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கி வெடித்தது. பிழைக்கமாட்டார் என்று நினைத்தார்கள். காயம் ஆறும்போது இரைப்பையின் ஓரம் வெளிச்சுவரோடு தானாகவே ஒட்டிக்கொண்டு, மூடாத ஒரு வாயில் நின்றுவிட்டது. அவரைப் பார்த்துக்கொண்ட ராணுவ டாக்டர் வில்லியம் போமண்ட் அந்த வாயில் வழியாகவே செரிமானத்தை ஆராய்ந்தார். வயிற்றில் துளையோடு செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார். ஆனால் 1849-இல் பிரான்சில் செடியோ என்ற அறுவை மருத்துவர் வேண்டுமென்றே அப்படி ஒரு துளை போட்டுப் பார்த்தபோது நோயாளி பிழைக்கவில்லை. 1894-இல் ஸ்டாம் என்ற அறுவை மருத்துவர், துளையைச் சுற்றிச் சுருக்குப்பை மாதிரி தையல் போட்டு இரைப்பையை இழுத்துக்கட்டும் முறையைக் கொண்டுவந்தார். வயிற்றைக் கிழிக்காமலே எண்டோஸ்கோப்பியால் டியூப் வைக்கும் இன்றைய முறை, நாம் பெக் டியூப் என்று சொல்வது, 1979-இல் கிளீவ்லாந்தில் ஒரு கைக்குழந்தைக்கு முதலில் செய்யப்பட்டது. செய்தவர்கள் காடரரும் பான்ஸ்கியும். 1980-இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார்கள். கிழிப்பதும் தைப்பதும் போய்விட்டன. ஒட்டும்வரை காத்திருக்க வேண்டியது மட்டும் போகவில்லை. முன்பு அந்தக் காத்திருப்பு ஆஸ்பத்திரிக் கட்டிலில் நடந்தது, இப்போது நம் வீட்டுக் கட்டிலில் நடக்கிறது.

டியூப் வைப்பதற்கு முன்பே செய்யவேண்டிய வேலைகள் உண்டு. முதலில், இவருக்கு இது தேவைதானா என்று டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுவது. பக்கவாதம், பார்க்கின்சன், தலைக்காயம், வாய் தொண்டைப் புற்றுநோய் மாதிரி, நான்கு முதல் ஆறு வாரத்துக்கு மேல் விழுங்க முடியாது என்ற நிலையில் மூக்கு டியூப்பைவிட இது சௌகரியம். முற்றிய மறதிநோயில் அப்படிச் சொல்ல முடியாது. அவர்களுக்கு டியூப் வைப்பதால் ஆயுள் கூடுவதாகவோ, உணவு நுரையீரலுக்குப் போவது குறைவதாகவோ ஆதாரம் இல்லை என்பதால் அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் அதைப் பரிந்துரைப்பதில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டுவதையே சொல்கிறது. "ஐயா பட்டினி கிடக்கிறாரே" என்ற தவிப்பில் பிள்ளைகள் எடுக்கும் முடிவு எனக்குப் புரியாமல் இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டு எடுப்பது நல்லது.

அடுத்தது, ரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரைகள். பக்கவாதமோ மாரடைப்போ வந்தவர்கள் வீட்டில் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல், வார்ஃபரின் இவற்றில் ஒன்றாவது இருக்கும். ஆஸ்பிரினைப் பெரும்பாலும் நிறுத்தவேண்டியதில்லை. மற்றவற்றைச் சில நாள் முன்பே நிறுத்தவேண்டி வரலாம். எதை, எத்தனை நாள் என்பதை டியூப் வைப்பவரும் இதய அல்லது நரம்பு மருத்துவரும் பேசி முடிவு செய்யவேண்டும், வீட்டில் யாரும் தன்னிச்சையாக நிறுத்தக்கூடாது. மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு அப்படியே கொண்டுபோய்க் காட்டினால் பாதிக் குழப்பம் தீரும்.

மூன்றாவது, வாய்ச் சுத்தம். பெரும்பாலும் டியூப்பை வாய் வழியாக உள்ளே இழுத்து, இரைப்பையிலிருந்து வயிற்றுச் சுவர் வழியாக வெளியே கொண்டுவருகிறார்கள். வாயில் உள்ள கிருமியெல்லாம் டியூப்போடு பயணம் செய்து துளைக்கு வந்து சேரும். ஆரம்பத்தில் அதிகமாக வரும் சிக்கல் துளையில் சீழ் பிடிப்பது என்பதற்கு இது ஒரு பெரிய காரணம். அதனால்தான் துளை போடுவதற்குச் சற்று முன் ஒருவேளை ஆன்டிபயாடிக் ஊசி போடுகிறார்கள். முதல் நாளே வாயை நன்றாகச் சுத்தம் செய்துவிடுவது நம் பங்கு. வெற்றிலை பாக்கு போடும் வாய் என்றால் இன்னும் கவனமாக. டியூப் வைத்தபிறகும் வாயை மறந்துவிடக்கூடாது. சாப்பாடு வாய் வழியாகப் போகவில்லை என்பதால் பல் தேய்க்காமல் விட்டுவிடுகிறோம். அந்த அழுக்கு எச்சிலோடு நுரையீரலில் இறங்கினால் நிமோனியா வரும்.

சரி, டியூப் வைத்தாகிவிட்டது. முதல் 72 மணி நேரம்தான் கண் கொட்டாமல் பார்க்கவேண்டிய காலம். இங்கிலாந்தின் தேசிய நோயாளர் பாதுகாப்பு முகமை 2010-இல் இதற்கென்றே ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. டியூப் வைத்தபின் சிலர் இறந்துபோனதையும் கடுமையாகப் பாதிக்கப்பட்டதையும் ஆராய்ந்தபோது, ஆபத்தின் அறிகுறி முன்பே தெரிந்தும் ஃபீடை, அதாவது டியூப் வழியாகக் கொடுக்கும் உணவை, நிறுத்தாமல் தொடர்ந்தது வெளிப்பட்டது. அந்த எச்சரிக்கை சொல்லும் அறிகுறிகள் நான்கே. ஃபீட் கொடுக்கும்போது வலி, செய்தபின் குறையாத அல்லது கடுமையான வலி, துளையைச் சுற்றி இரைப்பை நீரோ ஃபீடோ கசிவது, புது ரத்தம். இவற்றில் எது ஒன்று தெரிந்தாலும் ஃபீடையும் மருந்தையும் அந்த நிமிடமே நிறுத்திவிட்டு டாக்டரைக் கூப்பிடவேண்டும். இதை நான் திரும்பத் திரும்பச் சொல்லக் காரணம், நம் வீடுகளில் நடப்பது நேர் எதிர் என்பதுதான். 'கொஞ்சம் முனகுறாங்க, பசியா இருக்கும்' என்று இன்னொரு சிரிஞ்ச் ஊற்றுவோம்.

பக்கவாதம் வந்தவருக்கு வலியைச் சொல்ல வாய் வராது. அதனால் முகத்தைப் பார்க்கவேண்டும். சிரிஞ்சில் கஞ்சி இறங்கும்போது நெற்றி சுருங்குகிறதா, நல்ல கை வயிற்றுப் பக்கம் போகிறதா, முழங்கால் மடங்கி மேலே வருகிறதா, வயிறு பலகை மாதிரி விறைத்திருக்கிறதா, நாடி வேகமாக ஓடுகிறதா? இவற்றில் எதுவும் டியூப் வைத்த அன்றிரவு இருக்கும் சாதாரணக் காய வலியோடு சேர்த்தி இல்லை. அந்த வலி நாளுக்கு நாள் குறையும். ஃபீடோடு கூடுகிற வலி குறைவதற்காக வந்த வலி இல்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் பயம் வேண்டாம். டியூப் வைத்தபின் எக்ஸ்ரே எடுத்தால் வயிற்றறையில் காற்று தெரிவது உண்டு. எண்டோஸ்கோப்பியின்போது ஊதும் காற்று துளை வழியாகக் கசிந்ததுதான். காய்ச்சலோ வயிற்று விறைப்போ இல்லாவிட்டால் அது தானாக உறிஞ்சப்பட்டுவிடும்.

ஃபீடை எப்போது தொடங்குவது? முன்பு ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பார்கள். இன்றைய வழிகாட்டுதல்படி எல்லாம் சரியாக இருந்தால் மூன்று, நான்கு மணி நேரத்திலேயே தொடங்கலாம். முதலில் கொஞ்சம் தண்ணீர், அப்புறம் 50 மில்லி, 100 மில்லி என்று. ஆனால் வாரக்கணக்கில் சரியாகச் சாப்பிடாமல் இளைத்துப்போனவருக்கு இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடிந்து சிறைமுகாம்களிலிருந்து மீண்டவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தபோது, பசியில் சாகாத சிலர் சாப்பாட்டுக்குப்பின் இதயமும் மூச்சும் தளர்ந்து இறந்திருக்கிறார்கள். பட்டினி கிடந்த உடம்புக்குள் திடீரென்று மாவுச்சத்து போனால் இன்சுலின் சுரந்து, ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியத்தையெல்லாம் செல்களுக்குள் இழுத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட நிலையில் உள்ளவர்களுக்கு ஒரு கிலோ எடைக்கு ஒரு நாளைக்கு 10 கலோரிக்கு மேல் போகாமல் தொடங்கி, நான்கு முதல் ஏழு நாளில் மெதுவாகக் கூட்டச் சொல்கிறார்கள். 40 கிலோ உள்ளவருக்கு முதல் நாள் 400 கலோரிதான். தயமின் என்ற பி1 வைட்டமினை ஃபீடுக்கு முன்பே கொடுத்துவிடுவார்கள். 'இத்தனை நாள் பட்டினி கிடந்த உடம்பு, நிறைய ஊத்துங்க' என்று பாசத்தில் சொல்வதை இங்கே கேட்கக்கூடாது.

வெளியே இருக்கும் வட்டத் தகட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பிரச்சினை அதிகம் இங்கேதான். தகடு இறுக்கமாக இருந்தால் டியூப் பத்திரமாக இருக்கும் என்று நமக்குத் தோன்றும். உண்மை அப்படியில்லை. முதல் நாள், ரத்தம் கசியாமலும் சுவர்கள் ஒட்டியும் இருக்க டாக்டரே கொஞ்சம் இறுக்கமாக வைத்திருப்பார். அப்புறம் தளர்த்தவேண்டும். தோலுக்கும் தகட்டுக்கும் நடுவில் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் ஆட்டம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் உள்தடுப்புக்கும் தகட்டுக்கும் நடுவில் சதை நசுங்கி, ரத்த ஓட்டம் குறைந்து, புண்ணாகி, சீழ் பிடிக்கும். விட்டுவிட்டால் உள்ளே இருக்கும் தடுப்பு இரைப்பைச் சுவரை அரித்துக்கொண்டு சுவருக்குள்ளேயே புதைந்துபோகும். இது பெரும்பாலும் மாதங்கள் கழித்து வருவது, ஆனால் இறுக்கம் அதிகமானால் சில வாரத்திலேயே வந்துவிடும். வீட்டுக்குக் கிளம்பும் முன் 'தகட்டைத் தளர்த்திட்டீங்களா, எந்த நம்பர்ல இருக்கணும்?' என்று கேட்டு, அந்த எண்ணை எழுதிக்கொள்ளவேண்டும். தினமும் காலையில் முதல் வேலை அந்த எண்ணைப் பார்ப்பதுதான். எண் குறைந்திருந்தால் டியூப் வெளியே வந்துகொண்டிருக்கிறது. கூடியிருந்தால் உள்ளே போகிறது.

தகட்டுக்கு அடியில் பஞ்சையும் துணியையும் கெட்டியாக மடித்துச் சொருகக்கூடாது. அது தகட்டை மேலே தூக்கி, உள்ளே இழுப்பைக் கூட்டும். அப்பத்தாவுக்கு நாங்கள் முதல் வாரம் அதைத்தான் செய்துகொண்டிருந்தோம். மெத்தென்று இருக்கட்டும் என்ற நினைப்பு. மெல்லிய துணி ஒன்று போதும். ஒரு வாரம், பத்து நாள் கழித்து, டாக்டர் சொன்னபின், வாரத்துக்கு ஒருமுறையாவது தகட்டைத் தளர்த்தி, டியூப்பை இரண்டு மூன்று சென்டிமீட்டர் உள்ளே தள்ளி, ஒரு சுற்றுச் சுற்றி, பழைய எண்ணுக்கே கொண்டுவர வேண்டும். புதையாமல் இருக்க இதுதான் வழி. குடல்வரை போகும் நீட்டுக் குழாய் உள்ளவர்களுக்குச் சுற்றக்கூடாது. ஆகவே நமக்கு வைத்தது எந்த வகை என்பதையும் அந்த எண்ணோடு சேர்த்து எழுதிவைக்க வேண்டும்.

டியூப் இழுபடாமல் காப்பது இன்னொரு பெரிய வேலை. மருந்துக்கடையில் கிடைக்கும் அகலமான வயிற்றுப் பட்டியை இறுக்காமல் சுற்றி, அதற்குள் டியூப்பை வைத்துவிடலாம். வால் பகுதியை மேல்நோக்கி வளைத்து வயிற்றில் பிளாஸ்டர் போட்டு ஒட்டினால், யாராவது இழுத்தாலும் பிளாஸ்டர்தான் முதலில் பிய்யும். வேட்டி முடிச்சு, பாவாடை நாடா இரண்டும் துளையின்மேல் ஏறாமல் இருக்கட்டும். பெண்களுக்கு முன்னால் திறக்கும் நைட்டி வசதி. கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு மாற்றும்போது ஒருவர் டியூப்பை மட்டும் பிடித்துக்கொள்ளவேண்டும். இரவில் நினைவு தடுமாறுகிறவர்களுக்குக் கையில் மெல்லிய துணியுறை போடலாம், ஆனால் கையைக் கட்டிப்போடுவது எனக்குச் சம்மதமில்லை. கட்டினால் இன்னும் மிரண்டுபோய் இழுப்பார்கள். பதினோராம் நாளுக்குப்பின் எங்கள் வீட்டில் பட்டாசாலையில் ஒரு சின்ன விளக்கை எரியவிட்டோம், பக்கத்துக் கட்டிலில் ஒருவர் படுத்தோம். அதிலேயே அப்பத்தாவின் கை அடங்கிவிட்டது.

அப்படியும் கழன்றுவிட்டால் செய்யவேண்டியது டாக்டர் போனில் சொன்னதுதான். நான்கு வாரத்துக்குள் என்றால் எதையும் நுழைக்காமல், வாயிலும் எதுவும் கொடுக்காமல், வெளியே வந்த டியூப்பையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டு, டியூப் வைத்த ஆஸ்பத்திரிக்கே போவது. சொந்த வண்டி இல்லையென்றால் 108. சர்க்கரைக்கு இன்சுலின் போட்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஃபீட் நின்று, இன்சுலின் மட்டும் வேலை செய்துகொண்டிருந்தால் போகிற வழியிலேயே சர்க்கரை இறங்கிவிடும்.

இனி கஞ்சி. செட்டிநாட்டு வீட்டில் ஒருவர் படுத்துவிட்டால் சமையல்கட்டு சும்மா இருக்காது. கவுனியரிசிக் கஞ்சி, ராகிக் கஞ்சி, ஆட்டுக்கால் சூப் என்று ஆளுக்கொன்று கொண்டுவருவார்கள். கும்மாயத்தைக் கரைத்து ஊற்றலாமா என்று ஒரு ஆச்சி எங்களிடம் கேட்டார்கள், உளுந்து உடம்புக்குத் தெம்பாயிற்றே என்று. அந்த அன்புக்கு நான் மறுப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் டியூப்பின் வெளிவிட்டம் 20 பிரெஞ்ச் அளவு என்றால் ஏறக்குறைய ஆறரை மில்லிமீட்டர்தான், உள்ளே இன்னும் குறுகல். ராகியும் உளுந்தும் ஆற ஆறக் கெட்டிப்படும். கும்மாயம் போன வழியே அடைத்துக்கொள்ளும். அதோடு வீட்டுக் கரைசலில் எவ்வளவு புரதம், எவ்வளவு கலோரி போகிறது என்று கணக்குத் தெரியாது, கிருமியும் சீக்கிரம் பெருகும். முதல் சில வாரம் டாக்டரோ உணவு ஆலோசகரோ சொன்ன தயார் மாவைக் கரைத்துக் கொடுப்பதே பாதுகாப்பு. வீட்டுக் கஞ்சி என்று முடிவானால் நன்றாக வேகவைத்து, அரைத்து, மெல்லிய வடிகட்டியில் இரண்டு முறை வடித்து, அந்தந்த வேளைக்கு அப்போதே செய்துகொள்ளவேண்டும். சித்திரை வெயிலில் காரைக்குடிச் சமையல்கட்டில் இரண்டு மணி நேரம் இருந்த கஞ்சியை மறுவேளைக்கு எடுக்கக்கூடாது.

ஊற்றும் விதமும் முக்கியம். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 முதல் 45 பாகை உயர்த்த வேண்டும். தலைக்கு மட்டும் தலையணையை அடுக்கினால் கழுத்து மடங்கி வயிறுதான் அமுங்கும். இடுப்பிலிருந்து முதுகு சாய்வாக எழவேண்டும். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, குழாயை உயர்த்திப் பிடித்து, தானாக இறங்கவிடவேண்டும். 200 மில்லி இறங்க 15, 20 நிமிடம் ஆகட்டும். அமுக்கி ஏற்றினால் வயிறு உப்பி, எதுக்களித்து, நுரையீரலுக்குப் போகும். முடிந்தபின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் அதே சாய்வில் இருக்கட்டும். துணி மாற்றுவது, முதுகு தட்டுவது எல்லாம் ஃபீடுக்கு முன்பே முடித்துவிடவேண்டும்.

ஒவ்வொரு ஃபீடுக்கும் மருந்துக்கும் முன்னும் பின்னும் காய்ச்சி ஆறிய தண்ணீர் 30 மில்லி. மாத்திரைகளை ஒன்றாகச் சேர்த்துப் பொடிக்காமல் தனித்தனியாக. மெதுவாகக் கரையும் மாத்திரை, மேலுறை போட்ட மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது, திரவ மருந்தாகக் கிடைக்குமா என்று கேட்கவேண்டும். அடைத்துக்கொண்டால் வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் மெதுவாக விட்டு இழுத்துப் பார்க்கலாம், கம்பியை விட்டுக் குத்தக்கூடாது.

துளையைச் சுற்றி முதல் வாரம் லேசான சிவப்பும் கொஞ்சம் நீர் கசிவதும் சகஜம். சிவப்பு பரவினால், சீழோ நாற்றமோ வந்தால், காய்ச்சல் இருந்தால் காட்டவேண்டும். மஞ்சள், விபூதி, எண்ணெய், பவுடர் எதையும் துளைமேல் போடவேண்டாம். முதல் நாளைக்குப்பின் மிதமான சோப்பும் தண்ணீரும், அப்புறம் ஈரம் போகத் துடைப்பது, அவ்வளவே. கசிவு அதிகமானால் 'பெரிய டியூப்பா மாத்திடலாம்' என்று யாராவது சொல்வார்கள். துளைதான் பெரிதாகும், கசிவு நிற்காது. தகடு நகர்ந்திருக்கிறதா, மலச்சிக்கலா, இருமலா, துளையில் கிருமியா என்று காரணத்தைத் தேடவேண்டும்.

இவ்வளவையும் யார் செய்யப்போகிறார்கள் என்பதுதான் எங்கள் பக்கத்து வீடுகளில் உண்மையான சிக்கல். முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று நீளமான வீடு. உள்ளே படுத்திருக்கும் ஆயாவும், மாதச் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும் ஒரு அக்காவும் மட்டும். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ. டிஸ்சார்ஜ் அன்று டாக்டர் சொல்வதைக் கேட்டுக்கொள்வது விமானத்தில் வந்த மகன். நான்காம் நாள் அவர் திரும்பிப் போய்விடுவார். டியூப்பைக் கையில் எடுக்கும் அந்த அக்காவுக்கு யாரும் ஒன்றும் சொல்லியிருக்கமாட்டார்கள். அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், நர்ஸ் முன்னால் அவர் கையாலேயே இரண்டு ஃபீட் கொடுக்கவைத்து, அந்த நான்கு அறிகுறிகளை அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் போதும். 'பயந்துபோய் ஃபீடை நிறுத்தினா யாரும் திட்ட மாட்டோம்' என்று அவரிடம் வாய்விட்டுச் சொல்லவேண்டும். அவர் நிறுத்தத் தயங்குவது பெரும்பாலும் நம்மேல் இருக்கும் பயத்தில்தான். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்க்கிறார்கள். உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிந்துவைக்கலாம்.

அப்பத்தாவுக்கு அன்று மதுரையில் ஆன்டிபயாடிக் ஏற்றி, மறுபடி மூக்கு டியூப் போட்டு, வயிறு விறைக்கிறதா என்று இரண்டு நாள் பார்த்தார்கள். துளை மூடியது. பத்து நாள் கழித்துச் சற்றுத் தள்ளிப் புது டியூப் வைத்தார்கள். இந்தமுறை எண் 4. சமையல்கட்டுச் சுவரில், காலண்டருக்குப் பக்கத்தில், அந்த எண்ணையும் தேதியையும் டாக்டர் போன் நம்பரையும் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினோம். அப்பத்தாவைப் பார்த்துக்கொள்ளும் அக்கா தினமும் காலையில் விளக்கேற்றிவிட்டு வந்து எண்ணைப் பார்த்து, காலண்டரில் அந்த நாள் கட்டத்தில் ஒரு கோடு போடுவார்.

முப்பதாவது கோடு போட்ட வாரம் மதுரைக்குப் போய்க் காட்டினோம். டாக்டர் டியூப்பைச் சுற்றிப் பார்த்து, நன்றாக ஒட்டிவிட்டது என்றார். கூட வந்த அக்கா உடனே கேட்டார்: "சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிப்பாட்டலாமா டாக்டர்?" தலைக்குத் தேய்க்கலாம், துளைப் பக்கம் எண்ணெய் வழியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டியூப்பின் மூடி சரியாக மூடியிருக்கட்டும், குளித்தபின் தகட்டுக்கு அடியில் ஈரம் இல்லாமல் துடையுங்கள் என்றார். அந்தச் சனிக்கிழமை காலை, இரண்டரை மாதத்துக்குப்பின் அப்பத்தா வளவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வெந்நீர் ஊற்ற ஊற்றக் கண்ணை மூடிக்கொண்டார்கள்.